பையைப் பார்த்துக்கொள்கிறவள்

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் செருப்புக்குக் காவல் நான்தான். "நீங்க போங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்று கணவரையும் மகளையும் அனுப்பிவிட்டு, துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவேன். டெக்சாஸில் நாங்கள் இருக்கும் கேட்டி என்கிற ஊரிலிருந்து கால்வெஸ்டன் கடற்கரைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். அந்தக் கலங்கல் தண்ணீரில் கணுக்காலைக்கூட நனைத்ததில்லை.

லீவுக்கு ஆஸ்திரேலியா போனபோதும் அதே உத்தியோகம்தான். அங்கே காரணமும் கொஞ்சம் கனமாக இருந்தது. கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறவர்கள் நாங்கள். விசா ஸ்டாம்ப் குத்திய பாஸ்போர்ட் தொலைந்தால் டெக்சாஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாங்களே திரும்ப முடியாது. மகள் அமெரிக்காவிலேயே பிறந்தவள், அவளுக்கு அந்தக் கவலை இல்லை. "ஹோட்டல் லாக்கர்ல வெச்சுடலாமே" என்றார் கணவர். லாக்கரை நம்புகிற ரகமா நான்? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். மூன்று பாஸ்போர்ட்டையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் ஊர் சுற்றினேன்.

சிட்னிக்கு வடக்கே கடலை ஒட்டிப் பெரிய பெரிய மணல்மேடுகள். உச்சியிலிருந்து பலகையில் உட்கார்ந்து சறுக்கி வரலாம். பதினொரு வயது மகள் வாயெல்லாம் மணலோடு கீழே வந்து, "அம்மா, ஜஸ்ட் ஒன்ஸ், ப்ளீஸ்!" என்று கெஞ்சினாள். அடுத்த தடவை என்றேன். அப்படி நாலைந்து அடுத்த தடவைகள் போனபின் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அது என்னைச் சுருக்கென்று குத்தியது.

அதனால் மறுநாள் கடற்கரையில், "நானும் வரேன்" என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் போன், சாவி எல்லாவற்றையும் மணலில் போட்டுவிட்டு நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் துண்டால் மூடி, மேலே எங்கள் செருப்புகளை அடுக்கினேன். கணவர் முன்பே நீருக்குள் போயிருந்தார். மகள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

வழக்கம்போல் திரும்பிப் பார்த்தேன். ஒரு முதியவர் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"ஏய்! வை கீழ! அது எங்க பை!" பதற்றத்தில் தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடினேன். குளித்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவருடைய மற்றொரு கையில் எங்கள் செருப்புகளும் சொட்டச் சொட்ட நனைந்த துண்டும் இருந்தன. அலை ஏறி வருகிறது, மேலே வைக்கலாம் என்றுதான் எடுத்தேன் என்றார். பை இருந்த இடத்தில் நுரை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதாவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். என் கை ஜிப்பைத் திறந்தது. அந்த மனிதர் எதிரிலேயே பாஸ்போர்ட்டுகளை எண்ணினேன். மூன்றும் பத்திரமாக இருந்தன. நிமிர்ந்தபோது, அவர் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஹீ வாஸ் ஹெல்பிங் அஸ்" என்றாள் பின்னாலேயே ஓடி வந்த மகள். அவரிடம் சாரி சொன்னதும் அவள்தான். காதெல்லாம் எரிந்தது. அந்த மணலுக்குள்ளேயே புதைந்துபோய்விடலாம் போல அவமானமாக இருந்தது.

அவர் போனதும் மகள் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உலர்ந்த மணலில் உட்கார்ந்தாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், "நீங்க போங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்றாள். அப்படியே என் குரல். வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

இடுப்பளவு நீரில் கணவர் பக்கத்தில் நின்று கரையைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் என் மகளைப் பார்த்துச் சிரித்தபடி கடந்து போனாள். மகள் சிரிக்கவில்லை. பையை மடிக்கு இழுத்து, அந்தப் பெண் தூரம் போகும்வரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.