இறங்காத கோடு

வீட்டில் அவள் பெயர் பிடாரி. அடங்காப்பிடாரியைச் சுருக்கி அம்மா வைத்தது. குவாண்டம் கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கியபோது அண்ணன் முதல் ஆளாக அவளைத்தான் சேர்த்தான். "தங்கச்சின்னா சொல்றதக் கேப்பா" என்றானாம். ஆசை யாரை விட்டது!

கம்பெனிக்கு ஒரே வேலை, பிழை திருத்துவது. அந்தக் கம்ப்யூட்டரில் தகவலைத் தாங்கும் க்யூபிட்டுகள் தொட்டாற்சிணுங்கிகள். லேசான சூட்டுக்கே தடம் புரளும். அதனால் ஒரு தகவலைப் பல க்யூபிட்டுகளில் பரப்பி, நடுநடுவே சிலவற்றைக் காவலுக்கு நிறுத்துவார்கள். பக்கத்தில் ஏதாவது தவறினால் காவல் கத்தும். தவறியது எது என்று அந்தக் கத்தலை வைத்துக் கண்டுபிடிக்கும் புரோகிராம் பிடாரி எழுதியது. க்யூபிட்டுகள் கூடக் கூடப் பிழை குறைய வேண்டும். திரையில் பிழையைக் காட்டும் கோடு இறங்க வேண்டும். அதுவோ வீம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

முதலீட்டாளர்கள் வரவிருந்த அன்று காலை பார்த்தால், கோடு அழகாக இறங்கியிருந்தது. அவளுக்குப் பகீரென்றது. தோண்டிப் பார்த்தாள். காவல் அதிகமாகக் கத்திய சோதனைகளையெல்லாம் அண்ணன் கணக்கிலிருந்து தூக்கி எறிந்திருந்தான். எங்கே தவறுகிறது என்ற விவரமே அவற்றில்தான் இருந்தது.

"என்னண்ணா இது? ஃபெயிலான பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு, ஸ்கூலே பாஸுன்னு சொல்லுவியா?"

"எல்லாரும் பண்றதுதான். இவங்க கைவிட்டா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். வாய மூடிட்டு உக்காரு."

"பிழையத் திருத்தத்தான கடை திறந்தோம்? மறைக்கவா?"

வாயை மூடினாளா? முதலீட்டாளர்கள் முன்னால் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே முழுக் கோட்டையும் திரையில் போட்டாள். அது ஜம்மென்று மேலே ஏறியது.

"இதுதாங்க உண்மை. இன்னும் தோத்துக்கிட்டுதான் இருக்கோம்."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் அவள் அட்டைக்கு ஆபீஸ் கதவு திறக்கவில்லை. அண்ணன் அதை முடக்கியிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆனால் அப்படியே திரும்பிப் போக அவள் இன்னொரு பிறவிதான் எடுக்க வேண்டும். உள்ளங்கையால் கதவை அறைந்தாள்.

"திற! கோடு இன்னும் இறங்கல!"

பக்கத்து ஆபீஸ்காரர்கள் எட்டிப் பார்க்கும்வரை அறைந்தாள். கடைசியில் அவன் எழுந்து வந்து திறந்தான்.

"கம்பெனி இன்னும் கொஞ்ச நாள்தான் தாக்குப்பிடிக்கும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "எங்கேருந்து ஆரம்பிக்கப் போற?"

"நீ தூக்கி எறிஞ்சதுலேருந்து," என்று அவனைத் தாண்டி உள்ளே போனாள்.