ஐந்து நாள் வேலை செய்யாத விரல்கள்

“ரேகை இல்லன்னா நான் நானில்லையா?”

முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு ஆதிலட்சுமி ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாக இப்படிக் கேட்டார். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போய்வந்திருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வாரம் நடந்ததை அவரும் மற்றவர்களும் பிறகு எனக்குச் சொன்னார்கள். சொன்னபடி எழுதுகிறேன்.

ஆதிலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது. ஊர்க்கோடியில் இருக்கும் ஷெட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிறார். இருபது வருஷமாக அதே வேலைதான். முந்திரிக்கொட்டையின் தோலில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தைச் சுடும், கறுக்க வைக்கும், பிறகு தோலை உரிக்கும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். ஆனாலும் விரல் நுனி தப்பாது. அவருடைய கணவர் கண்ணையன் நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணை அள்ளிப் போடுகிற வேலை. இவர்களுக்கு ஒரே மகள் சங்கீதா. பிறந்ததிலிருந்தே காது கேளாதவள்.

தாயும் மகளும் கைகளால் பேசிக்கொள்வார்கள். பாதி சங்கீதா பள்ளிக்கூடத்தில் கற்றுவந்தது, பாதி இவர்கள் வீட்டிலேயே உண்டாக்கியது. தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் ஹெல்மெட், அதாவது அப்பா. பத்து விரலையும் புகை மாதிரி மேலே அலையவிட்டால் நெய்வேலி. இப்படிப் பேச இரண்டு கையும் வேண்டும். அங்கேதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கீதா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வீடியோவில் பேச வீட்டில் இருந்தது கண்ணையனின் போன் மட்டும்தான். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆதிலட்சுமி மறு கையால் பேசுவார். பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். அதுவும் கண்ணையன் ஷிப்ட் முடிந்து போனோடு வீட்டுக்கு வந்தால்தான். அவர் வீட்டில் இருக்கும்போது மகள் ஷிப்டில் இருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கீதா அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே ஒரு டேப்லெட். பின்பக்கம் மடக்கினால் தானாக நிற்கிற உறை போட்டிருந்தது. அன்று மத்தியானம் அப்பாவின் போனில் அவள் விஷயத்தைச் சொன்னாள். கம்பெனி புனேயில் புதிதாக ஒரு ஆலை திறக்கிறது. காது கேளாத பெண்கள் நாற்பது பேரை எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க இவளைக் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறவள், புனேக்குப் போனால் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வர முடியும்.

“டேப்லெட்டில் உனக்கென்று ஒரு சிம் போட்டு லைன் வரட்டும், தினமும் ரெண்டு கையாலும் பேசலாம்” என்று கைகாட்டினாள் மகள். “வந்தால் போகிறேன். வராவிட்டால் போகமாட்டேன்.”

பேசத் தெரியாத பிள்ளை என்று ஊர் சொன்ன பெண்ணை, நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். அது தன்னால் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் ஆதிலட்சுமியின் மனதில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் குளித்து, நல்ல புடவை கட்டினார். கையைப் பார்த்தார். கரிக்கட்டை மாதிரி இருந்தது. சிம் வாங்க நெய்வேலி டவுன்ஷிப் கடைக்கு இந்தக் கையோடா போவது? செங்கல்லைப் பொடித்து, எலுமிச்சம்பழத் தோலில் தொட்டு, பத்து விரலையும் அரைமணி நேரம் தேய்த்தார். கறுப்பு போய் விரல் நுனி பளபளவென்று ஆனது. திருப்தியாகக் கிளம்பினார்.

மெயின் பஜாரில் இருந்த சிம் கடையைத் தமயந்தி என்ற பெண் நடத்திவந்தார். முப்பது வயதிருக்கும். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தமயந்தி ஆதார் நம்பரைத் தட்டிவிட்டு, ரேகை மிஷினை முன்னால் தள்ளினார். ஆதிலட்சுமி கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், அதற்கும் சிவப்பு. பத்து விரலும் சிவப்பு.

“அக்கா, கைய என்னக்கா பண்ணுனீங்க? கண்ணாடி மாதிரி இருக்கு.”

“சுத்தமா இருக்கட்டும்னு தேச்சிக்கினு வந்தேம்மா.”

“எதுல தேச்சீங்க?”

“செங்கத்தூளு.”

தமயந்தி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “இருந்த கொஞ்ச ரேகையையும் தேச்சுட்டு வந்திருக்கீங்களேக்கா. சரி, சார் பேர்ல எடுத்துரலாமா? அவரு ஆதார் நம்பர் சொல்லுங்க.”

கண்ணையனின் நம்பரைப் போட்டுப் பார்த்தால் அவர் பெயரில் ஏற்கனவே ஒன்பது சிம் இருந்தது. ஒருவருக்கு ஒன்பதுக்கு மேல் கிடையாது. டவுன்ஷிப்புக்குள் நுழைகிற ஆர்ச் கேட்டருகே குடை விரித்து இனாமாக சிம் கொடுத்த நாளில் எல்லாம் ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் ஒன்று வாங்கியிருக்கிறார். சிம்மோடு தண்ணீர் மொள்ள ஒரு பிளாஸ்டிக் மக்கு தருவார்களாம். வீட்டில் ஏழு மக்கு எப்படி வந்தது என்பது ஆதிலட்சுமிக்கு அன்றுதான் தெரிந்தது.

“வேற யாரு பேர்லயாச்சும்?” என்று கேட்டார் தமயந்தி.

“வேணாம்மா. முன்ன ஒரு பட்டன் போனு வச்சிருந்தேன். சிம்மு பக்கத்து ஊரு பையன் பேருல. ஒருநாளு அவன் அந்த நம்பர மாத்தி வாங்கிக்கினான், என் போனு செத்துப்போச்சு. எம் பொண்ணு அவ்ளோ தூரத்துல இருக்கும்போது அப்பிடி ஆச்சின்னா? எம் பேருலதான் வேணும்.”

போட்டோ எடுத்துச் செய்கிற வழியும் உண்டாம். அந்தக் கடைக்கு அது கொடுக்கப்படவில்லை. வேறு கடைக்காரர் யாராக இருந்தாலும் அத்தோடு அனுப்பியிருப்பார்கள். தமயந்தி அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, என்ன வேலை என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: “தோலு வளரும்க்கா. ரேகையும் திரும்ப வரும். சனிக்கிழம வரைக்கும் முந்திரியத் தொடாதீங்க. சோப்புத்தூள், புளி, சாம்பல் எதுவும் கூடாது. ராத்திரி தேங்கா எண்ணெய் தடவுங்க. சனிக்கிழம காலைல வாங்க, நான் வெயிட் பண்றேன்.”

“கைய வச்சிக்கினு சும்மா எப்பிடிம்மா இருக்கறது?”

“அதுதான்க்கா கஷ்டம்” என்றார் தமயந்தி.

அந்தச் சாயங்காலம்தான் ஆதிலட்சுமி எங்கள் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டது.

மறுநாள் ஆதிலட்சுமி லீவு சொல்லப் போனபோது ஷெட்டில் விஷயம் பரவியது. கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் உருப்படியாக ரேகை இல்லை. “போலீஸ்காரன் வந்தாலும் நம்மள ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுடி” என்றார் பொற்கொடி. இருபது வருஷமாக ஆதிலட்சுமிக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து கொட்டை உடைப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதைக் கவனித்ததும் பொற்கொடி ஒரு முடிவு எடுத்துவிட்டார்.

ஷெட் முடிந்ததும் நேராக ஆதிலட்சுமி வீட்டுக்கு வந்தார். பாத்திரம் துலக்கினார், துணி துவைத்தார். வெள்ளிக்கிழமை வரை தினமும் அப்படித்தான். மற்றப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு ஒருத்தி வாசல் கூட்டினாள், ஒருத்தி தண்ணீர் பிடித்து வைத்தாள். சமையல் கண்ணையன் தலையில் விழுந்தது. மத்தியானம் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர் காலையில் சாம்பார் வைத்தார்.

“இன்னாங்க இது, மைன்ஸ் மண்ண அள்ளியாந்து கரைச்சீங்களா?”

“ஏழு மக்கு வாங்கியாந்தேன் இல்ல, அதுல ஊத்தி ஊத்திக் குடி” என்றார் கண்ணையன். ஒன்பது சிம் விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை.

சும்மா இருப்பது ஆதிலட்சுமிக்கு ஜுரம் மாதிரி இருந்தது. கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை யாரும் பார்க்காத நேரத்தில் புளியைக் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்த பொற்கொடி பிடுங்கிவிட்டார்.

“ஏண்டி, உம் பொண்ணு போவணுமா வேணாமா?”

“கை அரிக்குதுடி.”

“அரிக்கட்டும். தோலு வளந்தா அரிக்கத்தான் செய்யும்.” ஒரு துண்டை எடுத்து இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டு, அந்தப் புளியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை கண்ணையனின் போனுக்குத் தமயந்தி கூப்பிட்டார். “அக்கா விரல் எப்படி இருக்கு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்.” படத்தைப் பார்த்துவிட்டு, “லேசா கோடு தெரியுது, எண்ணெயை விடாதீங்க” என்றார். சிம் விற்கிற கடையிலிருந்து ஒருவர் தன் விரலை விசாரிக்கக் கூப்பிட்டது ஆதிலட்சுமிக்கு நம்ப முடியாமல் இருந்தது. அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கண்ணையன் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வந்தார். பொற்கொடி கட்டிக்கொடுத்த கொஞ்சம் முந்திரிப்பருப்பும் டேப்லெட்டும் ஒரே பையில் இருந்தன. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தமயந்தி அவர்களிடம், “கொஞ்சம் பொறுங்க, இவங்கதான் முதல்ல” என்று சொல்லிவிட்டு ஆதிலட்சுமியை நாற்காலியில் உட்கார வைத்தார்.

வலது கட்டைவிரல். சிவப்பு. அடுத்தது, அடுத்தது, வலது கை முழுவதும் சிவப்பு. இடது கட்டைவிரலும் சிவப்பு. ஆதிலட்சுமி அடுத்த விரலை இன்னும் பலமாக வைத்தார்.

“அக்கா, ஒரு நிமிஷம். ஏன் இவ்வளவு அழுத்துறீங்க?”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். முந்திரிக்கொட்டையைப் பிடிக்கிற பிடியில் அவர் மிஷினை அழுத்திக்கொண்டிருந்தார். இருபது வருஷப் பழக்கம்.

“இது கொட்ட இல்லக்கா, உடைய வேண்டாம். தூங்குற குழந்தைய தொடுற மாதிரி வைங்க. சரி, முந்திரி உடைக்கும்போது எந்த விரல் படாது?”

ஆதிலட்சுமி யோசித்தார். கையை மடியில் வைத்து, இல்லாத கொட்டையை இடது கையால் பிடித்துப் பார்த்தார். சுண்டுவிரல் தனியாகத் தூக்கி நின்றது. அந்த ஒரு விரலை முந்திரி எண்ணெய் அவ்வளவாகத் தொட்டதில்லை. திங்கட்கிழமை செங்கல் தூள்தான் தொட்டிருந்தது.

தமயந்தி ஈரத்துணியால் அந்தச் சுண்டுவிரலைத் துடைத்து, தானே பிடித்து மிஷினில் மெல்ல வைத்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை.

பச்சை.

வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர், “வந்துச்சு பாரு” என்றார். என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாது. தமயந்தி தலையை மேஜையில் ஒருமுறை சாய்த்து நிமிர்ந்தார். கண்ணையன் வெளியே போய்விட்டார். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

லைன் வர நேரமாகும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். தமயந்தி அவர்களை அனுப்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். ஒரு மணி ஆனது, இரண்டரை ஆனது. டேப்லெட்டின் மேல்மூலையில் சின்னதாக ஒரு கோடு எழுந்தது, பிறகு இரண்டு, மூன்று. தமயந்தி அதைக் கண்ணாடி மேஜைமேல் நிறுத்தி வைத்து, மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

சங்கீதாவின் முகம் திரை முழுக்க வந்தது. ஆதிலட்சுமி இரண்டு கைகளையும் தூக்கினார். வீடியோவில், இரண்டு வருஷத்தில் முதன்முறையாக இரண்டு கைகளையும்.

மகள் திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு வேகமாகக் கைகாட்டினாள்: “கைக்கு என்ன ஆச்சு? இது உன் கை இல்லையே. உடம்பு சரியில்லையா?”

ஐந்து நாள் எண்ணெயில் ஊறி வெளுத்த கையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆதிலட்சுமி சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். செங்கல் தூள், ஒன்பது சிம், ஏழு மக்கு, துண்டால் கட்டியது, சாம்பார். கை ஓயாமல் பேசியது. கடையில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒருவரும் நகரவில்லை. கடைசியில் அவர் தமயந்தியின் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் இழுத்து, மகளிடம் காட்டினார். இவங்களாலதான், என்று. சங்கீதா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக் குனிந்தாள்.

“நீ போ” என்று ஆதிலட்சுமி கைகாட்டினார். “நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.”

“தினமும் பேசுவாயா?”

“தினமும். திங்கட்கிழமையிலிருந்து கறுப்புக் கையோடு பேசுவேன். அப்போது என்னைத் தெரியும் உனக்கு.”

நாலரை மணிக்கு சங்கீதா கம்பெனியில் சரி என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது புனேயில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், நிறுத்தி வைத்த டேப்லெட்டின் முன்னால் இரண்டு கறுத்த கைகள் அலைந்துகொண்டிருப்பது தெரியும். பொற்கொடியும் சில நாள் வந்து உட்கார்ந்து அரைகுறையாகக் கைகாட்டுவார். சங்கீதா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆதிலட்சுமி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முந்திரி உடைப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், சலவை செய்பவர், பாத்திரம் துலக்குபவர் என்று ரேகை தேய்ந்தவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு இதைப் படிக்க நேரம் இருக்காது. நீங்கள் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கடைக்குப் போகுமுன் விரலைத் தேய்க்க வேண்டாம், ஓய்வு கொடுக்க வேண்டும், மெல்ல வைக்க வேண்டும், சுண்டுவிரலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மிஷினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவரிடம் தமயந்தியைப் பற்றியும் சொல்லுங்கள்.