ஐயர் இல்லம்மா, உபதேசியார்

எங்கள் லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்றவரைத்தான் ஐயர் என்போம். அவர் பல சபைகளுக்குப் பொதுவானவர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் முகம் காட்டுவார். மற்ற நாளெல்லாம் வேதம் வாசிக்கவும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், நோயாளி வீடுகளுக்கு நடையாய் நடக்கவும் என் வீட்டுக்காரர்தான். அப்போது அவர் பட்டமில்லாத உபதேசியார். பாவமன்னிப்பு கூறுவதும் திருவிருந்து கொடுப்பதும் ஐயர் வேலை, அந்தக் கோட்டை இவர் தாண்டவே மாட்டார். யாராவது வாய் தவறி "ஐயரே" என்றால் போதும், "ஐயர் இல்லம்மா, உபதேசியார்" என்று திருத்திவிடுவார். பால்காரரையும் விட்டதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

தையற்காரம்மா படுத்த படுக்கையானபோது இவரைத்தான் கூப்பிட்டு அனுப்பினாள். நானும் கூடப் போனேன். தையல் மெஷினை ஒட்டிக் கட்டில் கிடந்தது. அவள் இவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயரே, என் பாவமெல்லாம் மன்னிச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஐயர் இல்லம்மா, உபதேசியார். ஐயருக்கு ஆள் அனுப்பியிருக்கு, வந்துருவார்."

நான் இவர் விலாவில் இடித்தேன். "சொல்லித் தொலைங்களேன்!"

மனிதர் அசையவில்லை. ஐயர் வண்டி வாசலுக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். சட்டையைப் பிடித்திருந்த விரல்களை அவள் மகள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

அதற்குப் பிறகு இவருக்கு அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது. கோயிலைப் பெருக்கும்போது, சவரம் செய்யும்போது, பட்டப்பகலில், "ஐயரே" என்று. பாதிச் சாப்பாட்டில் "வரேன்மா" என்று எழுந்துவிடுவார். முழுக்கைச் சட்டை போடுவதையே விட்டுவிட்டார். குரல் விடவில்லை.

கடைசியில் குருப்பட்டத்துக்கே படிக்கப் போனார். போன மாதம் பேராயர் இவர் தலையில் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தார். அங்கியைக்கூடக் கழற்றாமல் இவர் நேரே தையற்காரம்மா வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மகள் தைத்துக்கொண்டிருந்தாள். காலிக் கட்டிலின் மேல் கையை நீட்டி, மன்னிப்பின் வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார்.

"இப்ப நான் ஐயர்தான்மா. அம்மா கேட்டது அவங்களுக்குக் கிடைச்சிருக்கும்ல?"

மகள் மெஷினை நிறுத்தினாள். "அம்மாவுக்கு நீங்க எப்பவுமே ஐயர்தான். மாசம் ஒருதரம் வர்றவரை 'விருந்தாளி'ன்னுதான் சொல்லும். அன்னைக்கு அது கேட்டது உங்ககிட்டதான்."

நீட்டிய கையை மடக்க இவருக்கு வெகுநேரமாயிற்று. நான்தான் பிடித்துக் கூட்டி வந்தேன்.

வழியில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன உபதேசியாரே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இவர் திருத்தவில்லை.