சேலைகளை ஓடவிட மாட்டேன்

சென்னைக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, காஞ்சிபுரம் செவிலிமேட்டு வீட்டில் உட்கார்ந்தே இணையதளம் செய்து பிழைப்பேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். கையில் இருந்தது ஒரே வேலை, சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் இணையதளம். அதுவும் போனால் மறுபடி சென்னைக்கு விடியற்காலை ரயில்தான்.

கடை முதலாளி கல்லாவில் உட்கார்ந்து, போனில் என் வேலையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, கல்லு மாதிரி கெடக்குது? பக்கத்துக் கடை சைட்டைப் பாரு. சேலைங்க தானா ஓடிக்கினு இருக்குது. பாட்டு வேற பாடுது."

"பாடும் சார். சேலை எடுக்க வந்தவங்க பாட்டா கேக்க வந்தாங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் விடவில்லை. நான் ஒன்றும் அசைவுக்கு விரோதி இல்லை. நான் செய்த தளத்தில் நிறத்தைத் தொட்டால், பக்கம் மொத்தமும் மறுபடி திறக்காமல் அந்த நிறச் சேலை மட்டும் வந்து நிற்கும். முந்தியைத் தொட்டால் முந்தி விரியும். கேட்டால் அசையும், கேட்காமல் அசையாது. அதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன்.

"உங்க கடையில ஒரு அம்மா சேலை மேல கைவெச்சுப் பாத்துக்கினு இருக்கும்போது, யாராவது அதை மடிப்பாங்களா சார்?"

அங்கே அது பெரிய தப்பு. வந்தவர் தாமாகக் கையை எடுக்கும்வரை விற்பவர் அந்தச் சேலையை மடிக்க மாட்டார்.

"அது கடைம்மா, இது போனு. ஓடவிட முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

கோபம் தலைக்கேறியது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, அவர் கேட்டபடியே சேலைகளை ஓடவிட்டு, அவர் போனிலேயே காட்டினேன். "உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு எடுங்க சார்."

அவர் அரக்கு நிறத்தில் ஒன்றைக் குறிவைத்தார். விரல் இறங்குவதற்குள் அது நகர்ந்துபோய்க் கிளிப்பச்சை மாட்டியது. முந்தைய பக்கத்துக்குப் போனார். அரக்கு சுற்றி வரும்வரை காத்திருந்து அமுக்கினார். இந்தத் தடவை மயில்கழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சேலை விரிப்பவர்கள் கையிலிருந்ததை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"அட, அதைச் செத்த நேரம் நிக்கச் சொல்லும்மா!" என்று கத்தினார்.

"ஓடச் சொன்னது நீங்க சார். நீங்களே சொல்லுங்க."

என்னை முறைத்தார். பிறகு போனை வைத்துவிட்டு, "நிறுத்திடு" என்றார். நிறுத்தியதோடு நான் விடவில்லை. ஓடவிடுவதற்காக எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன்.