கோடி ஆள் காத்தாயி

தூக்குவாளியைத் திறந்ததும் காத்தாயி முதலில் தான் குடிப்பதில்லை. ஒரு கை கஞ்சியை அள்ளி, வயலின் வடகிழக்குச் சனி மூலையில் பயிரின் காலடியில் விடுவாள். "குடிச்சிட்டு வேலையப் பாருங்க, அடிச்சுக்காதீங்க" என்பாள். அடுத்த கைதான் அவளுக்கு. வழியே போகிறவர்கள் ஏதோ சாமிக்குப் படைக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். சாமிக்கு இங்கே என்ன வேலை, இது ஆளுங்களுக்கு என்று திருத்துவாள். எந்த ஆளுங்க என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். உங்கள் பஸ் போய்விடும்.

கீழ்வேளூருக்குத் தெற்கே நாலு மைலில் இருக்கும் அந்த ஊரில் வெறும் காத்தாயி என்று விசாரித்தால் ஆறு பேரைக் காட்டுவார்கள். 'கோடி ஆள் காத்தாயி' என்றால் நேரே வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். வயது நாற்பத்தாறு. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். நடவுக்குப் பெண்டுகளைத் திரட்டிக்கொண்டு போவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முப்பது பேர் என்று பேசியிருந்தால் முப்பதாவது ஆள் வந்து சேரும்வரை இருபத்தொன்பது பேரும் வரப்பிலேயே நிற்பார்கள். கைக்கடிகாரம் கட்டியதில்லை. நாகூர் போகும் ரயில் கூவினால் கரையேற வேண்டும், அவ்வளவுதான். கையில் பாதி நாற்று முடி மிச்சமிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஏறிவிடுவாள்.

இப்படி ஊரார் வயலிலெல்லாம் சட்டம் பேசியவளுக்குச் சொந்தமாகவே வயல் வந்து சேர்ந்தது. நில உச்சவரம்பு வழக்கு பதினான்கு வருஷம் கோர்ட்டில் தூங்கி எழுந்து, பண்ணையின் உபரி நிலத்திலிருந்து மூன்று மா அவள் பெயருக்குப் பட்டாவானது. ஏறக்குறைய ஒரு ஏக்கர். பண்ணை வீட்டார் எதைக் கொடுப்பது என்பதில் படு கெட்டிக்காரர்கள். அவர்கள் விட்டுக்கொடுத்தது அசல் களர். காய்ந்தால் வெள்ளை பூத்துக்கொண்டு கிடக்கும், நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும்.

பட்டாவில் ஒரு நிபந்தனை உண்டு. தானே பயிர் செய்ய வேண்டும், தரிசு போட்டால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும். பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம் அந்த ஒரு வரியை நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். ஊர்ச் சுவர்களில் சூரியன் இருந்த இடத்தில் இலை வந்தது, இலை இருந்த இடத்தில் மறுபடி சூரியன் வந்தது. இராஜாங்கம் தாலுகா ஆபீசுக்கு மனுப் போடுவது மட்டும் எந்த ஆட்சியிலும் நிற்கவில்லை.

முதல் வருஷச் சம்பா அவருக்குச் சாதகமாகவே நடந்துகொண்டது. நட்ட பயிர் நட்டபடி நின்றது. பக்கத் தாள் வெடித்துத் தூர் கட்டவில்லை. இலை கருத்து, அடித் தாள் கத்திரிப்பூ நிறம் காட்டியது. ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டதை மண் ஏப்பம்கூட விடாமல் விழுங்கிவிட்டது. காத்தாயி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். சங்கத்துக்காரி அழுவதை அந்த ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

விவசாய டிப்போவிலிருந்து தங்கையன் மொபெட்டில் வந்து இறங்கினான். மண்ணைக் கிள்ளிப் பார்த்தான், பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தான். பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்துக்குப் பஞ்சம் என்றான்.

"மண்ணுல சத்து இல்லாம இல்லக்கா. நீங்க போட்டதும் உள்ளதான் கெடக்கு. சுண்ணாம்பு புடிச்சு வச்சுக்கிட்டு வுட மாட்டேங்குது. வேருக்கு எட்டல."

காத்தாயி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பண்ணை வூட்டுப் பத்தாயம் மாதிரின்னு சொல்லு. உள்ள நெல்லு, வெளிய பட்டினி."

தங்கையன் விவசாயப் படிப்பு படித்தவன். வாத்தியார்கள் ஒரு வருஷம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதை இவள் ஒரே வரியில் முடித்துவிட்டாளே என்று அசந்துபோனான். அடுத்த வருஷ விதைப்புக்கு முன்னால் பையிலிருந்து கறுப்புப் பொடிப் பொட்டலங்களை எடுத்து வைத்தான். பாஸ்போபாக்டீரியா. இதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, ஒரு சிட்டிகையிலேயே கோடிக்கணக்கில் தேறும், வேரைச் சுற்றிக் குடியேறி ஒருவிதப் புளிப்பைச் சுரக்கும், அந்தப் புளிப்பு மணிச்சத்தைக் கரைத்து வேரின் கையில் கொடுக்கும் என்று விளக்கினான். சாணியும் தழையும் நிறையப் போட்டால்தான் பெருகும் என்றும் சொல்லிவைத்தான்.

அவ்வளவுதான், காத்தாயிக்குள் இருந்த கிளைச் செயலாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தாயத்தை உடைத்து நெல்லை வெளியே கொண்டுவருகிற ஆளுங்கள் என்றால் நம் ஆளுங்கள் அல்லவா. கூலி என்ன என்று கேட்டாள். தங்கையன் திகைத்துப்போய், வேர் இனிப்பாக ஒன்றைக் கசியவிடும், அதைத் தின்றுகொள்ளும் என்றான். சரி, கூலி உண்டு என்று ஒப்புக்கொண்டாள். வேலை நேரம் எத்தனை என்றாள். இருபத்து நாலு மணி நேரமும் என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். யார் ஒத்துக்கொண்டது, எந்தப் பேச்சுவார்த்தையில் முடிவானது என்று அரை மணி நேரம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

இன்னொரு பொட்டலத்தில் இருந்தது அசோஸ்பைரில்லம், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரகம். காற்றிலிருந்து எடுப்பதால் அவர்கள் வெளியூர் ஆட்கள் என்று முடிவுகட்டினாள். உள்ளூர் ஆளுக்கும் வெளியூர் ஆளுக்கும் வயலில் தகராறு வந்தால் யார் பஞ்சாயத்துப் பண்ணுவது என்று கேட்டாள். அவை சேர்ந்தே வேலை செய்யும் என்று தங்கையன் சத்தியம் செய்த பிறகுதான் பொட்டலத்தைக் கையால் தொட்டாள்.

ஆறிய கஞ்சியில் பொடியைக் கலந்து, விதையைப் பிசறி, நிழலில் உலர்த்த வேண்டும். கஞ்சி எதற்கு என்றால் பொடி விதையில் ஒட்டுவதற்கு. தங்கையன் இதை நாலு தடவை சொல்லிப் பார்த்தான். காத்தாயி நம்பவே இல்லை. ஒட்டுவதற்கு என்றால் கோந்து போதாதா, சர்க்காரே கஞ்சி ஊற்றச் சொல்கிறது என்றால் அது ஆளுங்களுக்குப் பகல் சாப்பாடுதான் என்றாள். தினசரிக் கஞ்சி இப்படித்தான் ஆரம்பமானது.

இதற்கு நடுவில் அவள் புருஷன் கண்ணுசாமி ஒரு காரியம் செய்தான். வெயில் படக்கூடாது என்று பொட்டலங்களைத் தண்ணீர்ப் பானை ஓரம் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். விடிந்ததும் விடியாததுமாக எழுந்த கண்ணுசாமி, கறுப்புப் பொடியைக் கண்டதும் பல்பொடி என்று விரலில் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். அதை ஏன் கேட்கிறீர்கள், காத்தாயி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எத்தனை கோடிப் பேரை வாயில் அடைத்து வைத்திருக்கிறீர்கள், துப்பாமல் வயலுக்கு நடங்கள் என்று அவனை விரட்டினாள். வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணுசாமி அரை மைல் நடந்துபோய் நாற்றங்காலில் கொப்பளித்தான். எதிரே வந்தவர்கள் வணக்கம் வைத்ததற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அந்த இடத்து நாற்று பிற்பாடு ஒரு விரற்கடை கூடுதலாகவே வளர்ந்தது.

அந்த வருஷச் சம்பா பச்சைப் பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு வாரம் தூர் பெருத்தது. காத்தாயிக்கு நடையே மாறிவிட்டது.

கார்த்திகையில் களையெடுப்புக் கூலிக்காகச் சங்கம் ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவித்தது. அன்றைக்கு எவர் காலும் எந்த வயலிலும் படக்கூடாது, சொந்த வயலானாலும் சரி. இந்தக் கடைசிச் சொல்லைக் கூட்டத்தில் எழுந்து நின்று சேர்க்கச் சொன்னவளே காத்தாயிதான். இராஜாங்கம் இதைக் காதில் போட்டுக்கொண்டார். காத்தாயி நிலம் தரிசு என்று தான் போட்டிருந்த மனுவைப் பார்வையிட வருவாய் ஆய்வாளரை அதே நாளுக்கு வரச் செய்தார்.

காலையில் காத்தாயி தன் வரப்பில் கொடியை ஊன்றினாள். உள்ளே இருக்கிறவர்களுக்கும் இன்று விடுமுறை என்று குனிந்து அறிவித்தாள். நிமிர்ந்தால் எதிரே ஆய்வாளர், பக்கத்தில் குடை பிடித்தபடி இராஜாங்கம்.

இது பயிரே இல்லை, களரில் பயிர் எங்கே வரும், தூரத்திலிருந்து பார்ப்பதற்குப் பச்சையாக இருக்கிறது, எல்லாம் கோரைப்புல் என்றார் இராஜாங்கம். ஆய்வாளர் புதுச் செருப்பைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். நடுவயலில் ஒரு குத்தைப் பிடுங்கி வந்து காட்டு அம்மா, பார்த்து எழுதிவிட்டுப் போகிறேன் என்றார்.

காத்தாயி நகரவில்லை.

"இன்னிக்கி வயல்ல எறங்க முடியாதுங்க. வேலைநிறுத்தம்."

அப்படியானால் பயிரைக் காட்டவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று அவர் பேனாவைத் திறந்தார். பதினான்கு வருஷ வழக்கு, மூன்று மா, எல்லாம் அந்தப் பேனா முனையில் வந்து நின்றது. ஒரு கால் வைத்தால் போதும். ஆனால் அந்தக் காலை வைத்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த முப்பது பேர் முன்னால் போய் நிற்பது. கொடிக் கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

இராஜாங்கம் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நிலம் அன்றே போயிருக்கும். ஜெயித்த மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அவ எதுக்குங்க? நானே கோரையப் புடுங்கிக் காட்டறேன், பாருங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாக வயலில் கால் வைக்கிறார். நாலு எட்டு போய் ஒரு குத்தை ஒரு கையால் இழுத்தார். வரவில்லை. குடையை வீசிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். வேர் மண்ணை விடுவதாக இல்லை, அவரும் விடுவதாக இல்லை. கடைசியில் மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்ததில் குத்து கையோடு வந்தது, இராஜாங்கம் சேற்றில் உட்கார்ந்தார். வழுக்கிக்கொண்டே கரைக்கு வந்தவரின் கையிலிருந்து ஆய்வாளர் அதை வாங்கினார். தூரை ஒவ்வொன்றாக விலக்கி எண்ணினார். இருபத்திரண்டு. வேர் வெள்ளை வெளேரென்று கொத்தாக, மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. நெற்பயிர் செழிப்பாக உள்ளது, மனுதாரரே நேரில் பிடுங்கிக் காட்டினார் என்று எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு ஆய்வாளர் புறப்பட்டார். இராஜாங்கம் இடுப்புக்குக் கீழே களராக, கால் அகட்டி அகட்டிப் பின்னால் நடந்தார்.

அவர்கள் மதகைத் தாண்டும்வரை காத்தாயி பார்த்துக்கொண்டே நின்றாள். நிலம் நின்றுவிட்டது. ஆய்வாளர் போட்டுவிட்டுப் போன குத்து காலடியில் வேரைக் காட்டிக்கொண்டு வெயிலில் கிடந்தது. வாய்க்கால் பக்கம் பார்த்தாள், ரோட்டுப் பக்கம் பார்த்தாள். ஆள் நடமாட்டம் இல்லை. கொடியைப் பிடுங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். குத்தைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி, அந்தக் குழியிலேயே வைத்து, இரண்டு கையாலும் சேற்றை அணைத்து அமுக்கினாள். பிறகு கரையேறிக் கொடியை விரித்து, இருந்த இடத்திலேயே மறுபடி ஊன்றினாள்.