நான்காவது தசமத்தில் இருந்த கேலக்ஸிகள்

"சார், ஆறு நாளா ஓடிக்கினு இருக்குது. ஒண்ணுமே ஆவல."

அந்தப் புதன்கிழமை காலை பத்மாவதி என்னை விழுப்புரம் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு இழுத்துப் போகாத குறை. திரையைப் பார்த்து அதிர்ந்தேன். பத்து லட்சம் புள்ளிகள், கிராஃப் தாளில் குத்தி வைத்ததுபோல், வைத்த இடத்திலேயே நின்றன.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர். வாரம் இருமுறை திண்டிவனத்திலிருந்து வந்து ஆய்வு மாணவர்களின் கோப்புகளைச் சரிபார்ப்பேன். மேல்சித்தாமூர்க்காரி பத்மாவதியின் முனைவர் பட்ட ஆய்வு, கேலக்ஸிகள் எப்படி உருவாகின்றன என்பது. கணினிக்குள் கற்பனைப் பெட்டியொன்றில் ஏறக்குறைய சமமாகப் பொருளை நிரப்பி, ஈர்ப்பு விசையை அவிழ்த்துவிட வேண்டும். பொருள் திரண்டு முடிச்சாகும். முடிச்சுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்துச் சுழலும். அவற்றில் விழும் வாயு வட்டத் தட்டாகும். பிறகு அந்த வட்டத்தின் ஒழுங்கும் குலைந்து சுருள் கரங்கள் வரும்.

அவளுக்கோ முதல் முடிச்சே விழவில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவிடம் முடிவைக் காட்டியாக வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உன் பிரபஞ்சம் ஸ்ட்ரைக்கா?"

முறைப்படி எல்லாம் பார்த்தேன். புரோகிராம் சரி. லாக் சரி. புள்ளிகளின் தொடக்க இடங்கள் இருக்கும் இன்புட் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். 0.010, 0.020, 0.030. அழகான வரிசை.

பத்மாவதி திரையில் விரலை வைத்தாள். "நான் குடுத்தது 0.01003, 0.01996 சார். யாரு மாத்தினது?"

கோப்புகளைச் சரிபார்த்ததும் நான் குறித்துவைக்கும் பதிவேட்டைப் புரட்டினேன். 'மூன்று தசமத்துக்குத் திருத்திச் சரிபார்க்கப்பட்டது.' கீழே பச்சை மையில் என் கையெழுத்து.

பணிக்காலம் முழுதும் ரெக்கார்டு நோட்டில் நான்காவது தசமத்தைக் கண்டால் சிவப்பு மையில் அடித்தவன் நான். பழக்கதோஷத்தில் இங்கேயும் அடித்துவிட்டேன். அவளுடைய கேலக்ஸிகள் எல்லாம் அந்த நான்காவது, ஐந்தாவது இடங்களில்தான் இருந்தன.

முழுச் சமச்சீர் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாத் திசையிலும் ஒரே இழுப்பு. பெட்டிக்கு விளிம்பும் இல்லை. வலச்சுவரைத் தாண்டினால் இடப்பக்கம் வந்துவிடும். புள்ளி எங்கே போகும்? ஓரிடத்தில் மயிரிழை நெருக்கம் இருந்தால் அங்கே இழுப்பு கூடும். கூடினால் இன்னும் நெருங்கும். இதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என்னை உலுக்கியது அதுதான்.

"குழுவுக்குப் பவர்கட்டுனு எழுதிடலாம் சார், யாரு கேக்கப் போறாங்க?" என்றார் துறைத்தலைவர்.

"வேணாங்க. புள்ளிங்கள கொறைச்சிக்கினு திரும்ப ஓட்டறேன், ஒரு நாள்ல முடியும்" என்றாள் பத்மாவதி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் ஃபைலத் தொடாதீங்க சார்."

மாலையில் திண்டிவனம் பஸ்ஸில் நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணியபோது, "அதையும் ரவுண்டு பண்ணிடாதீங்க" என்றாள், அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிய பத்மாவதி. குத்தலை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஓட்டங்களின் படங்களையும் குழுவிடம் காட்டினாள். இரண்டாவதில் இழைகளும் முடிச்சுகளும் தெளிவாக விழுந்திருந்தன. வெளியூர்த் தேர்வாளர் புள்ளிகள் அசையாமல் நின்ற முதல் படத்தைச் சுட்டிக்காட்டினார்.

"இதுல என்னம்மா தப்பு?"

"அதுல ஒரு சின்னத் தப்புகூட இல்லீங்க சார். அதான் ஒண்ணும் பொறக்கல."

"நகரக் கூடாத புள்ளி நகரலைன்னா, புரோகிராம் தானா எதையும் சேர்க்கலைன்னு அர்த்தம். புரோகிராம் ஒழுங்கானு பார்க்க இதுதான் சரியான சோதனை. யாரு யோசனை?"

அவள் அடுத்த படத்துக்குத் தாவப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. எழுந்தேன். "யோசனை இல்லை, என் தவறு" என்று பதிவேட்டை நீட்டினேன். அவர் படித்தார், சிரிக்கவில்லை. இரண்டு படங்களும் ஆய்வேட்டில் இருக்க வேண்டும் என்று எழுதி அனுமதி கொடுத்தார்.

இன்றும் ரெக்கார்டு நோட்டுகள் வருகின்றன. நான்காவது தசமத்தைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போகிறது. மூடியைத் திறக்குமுன் எழுதியவரைக் கூப்பிட்டு, இது எதற்கு என்று கேட்டுவிடுகிறேன்.