அவசரக் கத்தி

எங்கள் வீட்டில் பிரெஞ்சு மொழிக்கு நான்தான் மந்திரி. அப்போது எனக்கு வயது ஒன்பது. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸ் மாடிக் குடியிருப்பில் எங்களுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் பிரித்து வாசிப்பேன். புரிந்ததைத் தமிழில் சொல்வேன், புரியாத இடத்தை என் இஷ்டத்துக்கு நிரப்பிவிடுவேன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. சித்தப்பாவின் கத்தி விஷயத்தில்தான் முதன்முதலாகக் குட்டு வெளிப்பட்டது.

சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டு சோபாவில் படுத்தெழும்பி, பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய தற்காலிக விசாத் தாள் ஒன்றுதான். முதலாளி வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரமாக இருக்க வழி பிறக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். முதலாளியோ கையெழுத்துப் பேச்சை எடுத்தால் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த மனிதருக்கு வேட்டைப் பைத்தியம். இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டில்தான் இருப்பார். ஒருநாள் சமையலறையில் அவர் மான்தொடை வெட்டிக்கொண்டு நிற்கையில், வன்னிக் காட்டில் தான் எத்தனையோ மான் உரித்ததைச் சித்தப்பா கையாலும் காலாலும் விளங்கப்படுத்தியிருக்கிறார். அப்படியானால் வரும் ஞாயிறு என்னோடு காட்டுக்கு வா, உன் கத்தியைக் கொண்டு வா என்றாராம் முதலாளி. கையெழுத்தே கிடைத்துவிட்டதுபோல் அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். மான் உரித்த கதை பொய்யில்லை, அப்பாவே சாட்சி. கத்திதான் இல்லை.

சனிக்கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எனக்குத் தமிழ் வகுப்பு. முடிந்து வெளியே வந்தபோது சித்தப்பா காத்துக்கொண்டு நின்றார். முதலில் எங்கள் ஆட்களின் கடைகளில் ஏறி இறங்கினோம். மீன் வெட்டும் கத்தி இருந்தது, தேங்காய் உடைக்கும் கத்தி இருந்தது. மானுக்கு வேண்டும் என்றதும் ஒரு கடைக்கார அண்ணை உறைந்த ஆட்டிறைச்சிப் பெட்டியைத் திறந்து காட்டினார். கடைசியில் வெகுதூரம் நடந்து, வேட்டைச் சாமான் விற்கும் பிரெஞ்சுக் கடை ஒன்றைப் பிடித்தோம்.

சுவரில் காட்டுப்பன்றித் தலை. கண்ணாடிக்குள் கொம்புப் பிடி போட்ட கத்திகள். சித்தப்பா ஆக நீளமானதைக் கையில் எடுத்து, விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் திரும்பக் கிடத்தினார். கிழட்டுக் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். மானுக்கு என்றேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். நடுவில் 'தெப்பெசே' என்ற சொல் இரண்டு மூன்று தரம் வந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் 'தெப்பெஷே' தெரியும். 'தெப்பெஷ் துவா, சீக்கிரம், சீக்கிரம்' என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் நாள் முழுக்க எங்களை விரட்டுவார். மந்திரி தயங்கலாமா?

"அவசரப்படுறதுக்குச் சின்னக் கத்திதான் நல்லதாம், சித்தப்பா."

சித்தப்பா யோசித்தார். "மான் செத்தாப்பிறகு அதுக்கென்ன பிள்ளை அவசரம்?"

நியாயமான கேள்வி. அதை அப்படியே பிரெஞ்சில் கேட்டேன். கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பெருவிரலால் தன் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறுவரை ஒரு கோடு இழுத்தார்.

"உரிக்கிறதடி!" என்றார் சித்தப்பா.

அதன்பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. நீண்ட அலகு குடலைக் கிழித்தால் இறைச்சி பழுதாகிவிடும், உள்ளங்கை நீளம் போதும். மடக்குக் கத்தியின் இடுக்கில் இரத்தம் போய் உறையும், கழுவ ஏலாது. ஈரக்கையில் பிடி வழுக்கக்கூடாது. எல்லாவற்றையும் விரல்களாலேயே பேசிக்கொண்டார்கள். முடிவில் கடைக்காரர் ஒரு பெட்டியிலிருந்து ஆக மலிவான கத்தியை எடுத்து வைத்தார். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் பிடி. காட்டில் சருகுக்குள் விழுந்தாலும் தெரியுமாம். விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு என்று முணுமுணுத்தாலும் சித்தப்பா அதைத்தான் வாங்கினார்.

கார் து நோர் ஸ்டேஷன் வரையும் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தார். உரிப்பதும் அவசரப்படுவதும் அவருடைய நாக்கில் ஒரே சொல்லாகத்தான் விழுந்தன. நான் திருத்தத் திருத்த அவர் வேண்டுமென்றே இன்னும் பிழைவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் நின்று, கத்தியையும் பில்லையும் என் புத்தகப் பைக்குள் தமிழ்ப் புத்தகத்துக்கு அடியில் வைத்தார். பிறகு ஒரு விளையாட்டுச் சொல்லித் தந்தார். யாராவது என்னை மறித்தால் உனக்கு என்னைத் தெரியாது, எனக்கு உன்னைத் தெரியாது, நீ போய் வழமையாக ரயில் ஏறுகிற இடத்தில் நில் என்றார். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

படியிறங்கியதும் பொலிஸ்காரர் மூவர் அவரை மறித்தார்கள். விளையாட்டுப்படி நான் தெரியாதவள்போல் விலகி நடந்தேன். அவருடைய விசாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த கடைப் பையைக் கொட்டினார்கள். முருங்கைக்காயும் தூள் பைக்கற்றும் விழுந்தன. எனக்கு விளையாட்டு மறந்துபோயிற்று. திரும்பி ஓடிவந்து அவருடைய ஜாக்கெட்டைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெப்பெஷ் துவா, மத்மாசெல்" என்றார், யாரோ ஒரு சிறுமியிடம் சொல்வதுபோல்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பொலிசுக்கு முன்னாலும் இந்த மனிதர் மான் உரிக்கிறாரே! ஒரு பொலிஸ்காரரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு ரயில்கள் போனபிறகுதான் நான் நின்ற இடத்துக்குச் சித்தப்பா வந்தார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். வீட்டில் நான் பெருமையாக எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"தம்பி, பிள்ளையின்ர பையுக்கையோ வைச்சனீங்கள்?" என்று மட்டும் அம்மா சித்தப்பாவைக் கேட்டார். அன்று சித்தப்பாவுக்குச் சோறு போட்டது அப்பா. கத்தி கூர், கையை வெட்டியிருக்கும், அதுதான் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மானை உரித்த அழகைப் பார்த்து முதலாளி தன் கொம்புப்பிடிக் கத்தியை உறைக்குள் போட்டுவிட்டாராம். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே கையெழுத்து வந்தது. ஆரஞ்சுக் கத்தி இன்றைக்கும் அம்மாவின் குசினியில் அரிசி மூட்டை பிரிக்கிறது.

கொண்டாட்டங்களில் சித்தப்பா இன்னும் அவசரக் கத்திக் கதையைச் சொல்கிறார். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதையைக் கடை வாசலோடு நிறுத்திவிடுவார், நானும் மிச்சத்தைச் சொல்வதில்லை. இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டேஷன் படிகளில் இறங்கும்போதெல்லாம் அவளுடைய பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொள்வேன். அன்று பொலிசுக்கு முன்னால் சித்தப்பா 'தெப்பெஷ்' என்ற சொல்லைப் பிழையில்லாமல், ரீச்சர் சொல்வதைப்போலவே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே ஓடினேன்.